தரையில் விழுந்த மேலங்கி

பத்து நாட்களுக்கு முன், மாலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். சென்னையில் வேலை, திருமணம் நிச்சயமாகி, மூன்றாம் ஓலை மட்டுமே வாசிக்க எஞ்சியிருந்தது. பதிவேட்டுக்குரிய விவரங்களையெல்லாம் கொடுத்து முடித்தவர் எழுந்து போகவில்லை. சற்றுத் தயங்கிவிட்டு, "ஃபாதர், தப்பா எடுத்துக்காதீங்க. ஆம்பளைன்னா அவனுக்குன்னு ஒரு ஸ்டைல் வேணும், அது காலத்துக்கும் நிக்கணும்னு சொல்றாங்க. அதை எப்படி உண்டாக்கிக்கிறது?" என்று கேட்டார். கைப்பேசியில் இதற்கென்றே பாடம் நடத்துவோர் பலர் இருக்கிறார்களாம். ஒருவர் காலணியில் தொடங்கச் சொல்கிறார், மற்றொருவர் கைக்கடிகாரத்தில், இன்னொருவர் தாடியைச் செதுக்கும் முறையில். எல்லாரும் இறுதியில் ஏதோ ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள் என்பதை அவரே கண்டுபிடித்திருந்தார்.

இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே வெள்ளை அங்கியில் நடமாடும் ஒருவனிடம் இக்கேள்வி வந்ததை எண்ணி முதலில் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்காக வருந்தினேன். ஏனெனில் அவர் கேட்டது துணியைப் பற்றி அன்று. இன்னும் சில நாட்களில் ஒரு பெண்ணின் கணவனாக, ஒரு வீட்டின் தலைவனாக நிற்கப்போகும் ஒருவர், தாம் எப்படிப்பட்ட மனிதராக மற்றவர் கண்ணில் படப்போகிறோம் என்று கேட்கிறார். இதை அற்பம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அன்று உருப்படியாக எதுவும் சொல்லாமலே அவரை அனுப்பிவிட்டேன்.

இரவு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய நூலைத் தேடியெடுத்தேன். குருமடத்தில் இறையியல் படித்த நாளில், திருச்சபைச் சட்ட நூல்களுக்கிடையே இடம் மாறி வைக்கப்பட்டிருந்த ஒரு புத்தகத்தைத் தேர்வுக்குப் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டு படித்திருக்கிறேன். பின்னாளில் அதே நூலின் பிரதி ஒன்று ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. பல்தஸ்ஸாரே காஸ்டிலியோனே என்னும் இத்தாலியர் எழுதி, 1528ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சான 'அரசவையாளர் நூல்' அது. 1967இல் ஜார்ஜ் புல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு என்னிடமிருப்பது. ஒரு மனிதன் தனக்கென ஒரு பாங்கை எப்படி உருவாக்கிக்கொள்வது என்று ஐரோப்பாவில் எழுந்த நூல்களுள் இதற்கு ஈடாக ஊர் ஊராகப் பரவியது வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. 1534இல் ஸ்பானிய மொழியிலும் 1561இல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. இன்று கைப்பேசியில் பாடம் நடத்துவோர் பலர் தாம் அறியாமலே இவருடைய மாணவர்கள்.

நூலின் அமைப்பு எளியது. 1507ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். மத்திய இத்தாலியின் மலைநகரான உர்பீனோ. திருத்தந்தை இரண்டாம் ஜூலியுஸ் அவ்வழியே வந்து தங்கிச் சென்ற சில நாட்களில், சீமாட்டி எலிசபெத்தா கொன்சாகாவின் அறையில் அரண்மனை நண்பர்கள் கூடுகிறார்கள். பொழுதுபோக்காக ஒரு விளையாட்டு வேண்டும். நிறைவான அரசவையாளன் எப்படியிருக்க வேண்டும் என்பதைச் சொற்களால் வரைந்து காட்டுவதே விளையாட்டு என முடிவாகிறது. நான்கு இரவுகள் பேசுகிறார்கள். நான்கு இரவுகள், நான்கு பகுதிகள். பேசுவோர் அனைவரும் வாழ்ந்து மறைந்த மனிதர்கள். அவர்களுள் சிலர் பின்னாளில் ஆயர்களாகவும் கர்தினால்களாகவும் ஆனவர்கள். தாம் அப்போது இங்கிலாந்தில் இருந்ததாகவும், கேட்டறிந்ததையே எழுதுவதாகவும் காஸ்டிலியோனே சொல்லிக்கொள்கிறார். அது ஒரு கதை உத்தி; அவர் அதற்குள் ஊர் திரும்பியிருந்தார் என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

முதல் இரவில் பேசுபவர் லுதோவிக்கோ தா கனோசா பிரபு. குதிரையேற்றம், வாள்வீச்சு, இலத்தீன், கிரேக்கம், இசை, ஓவியம் என்று அவர் அடுக்கும் தகுதிகளை நாம் விரைந்து கடந்துவிடலாம். அத்தனைக்கும் மேலாக ஒரு நயம் வேண்டும் என்கிறார். அந்த நயம் பிறப்பிலேயே வாய்க்காதவன் அதை எப்படிப் பெறுவது என்று கேட்கும்போது, ஒரு புதுச்சொல்லைப் படைத்துத் தருகிறார்: 'ஸ்ப்ரெட்சத்தூரா'. இகழ்தல், பொருட்படுத்தாமை என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல். முயற்சியைச் செய், ஆனால் முயன்றது தெரியாதபடி, எண்ணாமலே வந்ததுபோல் செய் என்பது கருத்து. எதிலும் பாவனை தெரிந்துவிடக் கூடாது. அது கடலில் மறைந்திருக்கும் பாறையைப் போல் கப்பலை உடைத்துவிடும்.

இவ்விடத்தில் நூலாசிரியர் வைத்திருக்கும் ஒரு சிறு நாட்டியக் காட்சியே நூல் முழுவதிலும் என் மனத்தில் தங்கியது. பியர்பாவ்லோ என்று ஒருவர். நடனமாடும்போது நுனிக்காலில் சிறு சிறு துள்ளல், தலை அசையாது, உடல் மரக்கட்டை, ஒவ்வோர் அடியையும் அவர் எண்ணிக்கொண்டே வைப்பது பார்ப்பவர்க்குத் தெரியும். எல்லாரும் சிரிக்கிறார்கள். உடனே பிபியேனா குறுக்கிட்டு, அப்படியானால் நம் ரொபெர்த்தோ அல்லவா சிறந்த நடனக்காரர் என்கிறார். அந்த ரொபெர்த்தோ, தமக்கு ஆட்டத்தைப் பற்றி எண்ணமே இல்லையென்று காட்டுவதற்காக, தோளிலிருந்து மேலங்கியை நழுவ விடுவார்; காலிலிருந்து மிதியடியைக் கழல விடுவார்; இரண்டையும் எடுக்காமலே ஆடிக்கொண்டிருப்பார். இதற்குக் கனோசா சொல்லும் மறுமொழியில்தான் நுட்பம் இருக்கிறது. ரொபெர்த்தோவும் பியர்பாவ்லோவைப் போலவே பாவனை செய்கிறார், ஒருவர் அக்கறையைக் காட்ட முயல்கிறார், மற்றவர் அக்கறையின்மையைக் காட்ட முயல்கிறார், அவ்வளவே வேறுபாடு.

அன்பர்களே, நம் தெருக்களில் இவ்விருவரையும் நாம் நாள்தோறும் காண்கிறோம் அல்லவா? மடிப்புக் கலையாத சட்டையில் மூச்சுவிடவும் அஞ்சி அமர்ந்திருப்பவர் ஒருவர். விலை கொடுத்துக் கிழிசல் காற்சட்டை வாங்கி, கலைந்த முடியைக் கண்ணாடி முன் அரைமணி நேரம் கலைத்துக்கொண்டிருப்பவர் மற்றவர். ஏன், குருக்களாகிய எங்களுக்குள்ளும் இருவருமே உண்டு. ஏழைக் கோலம் பூணுவதில் எத்தனை கவனம் தேவைப்படுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். அந்த மேலங்கி தரையில் விழுந்தது உண்மை. ஆனால் அது விழுந்ததா, விடப்பட்டதா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்த ஒருவர் பெரும் சொற்பொழிவாளர். முக்கியமான ஒரு கருத்தைச் சொல்லுமுன் வலக்கையின் இரு விரல்களை உயர்த்தி, கண்களை மூடி, சற்று நிறுத்துவார். கோவிலே மூச்சடங்கி நிற்கும். நான் குருப்பட்டம் பெற்று முதல் பங்கிற்குச் சென்றபோது அந்த இரு விரல்களையும் உடன் கொண்டு சென்றேன். மூடிய கண்களையும், நிறுத்தத்தையும்கூட. ஓராண்டு கழிந்திருக்கும். ஞாயிறு திருப்பலிக்குப் பின் மெழுகுதிரி விற்கும் ஒரு பாட்டி என்னிடம் வந்து, "சாமி, நீங்க பேசுறப்போ நடுவுல கண்ண மூடிக்கிறீங்களே, தலை சுத்துதா?" என்று பரிவோடு கேட்டார். அன்றிரவு உணவு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசக மேடையைப் பற்றிக்கொண்டே மறையுரை ஆற்றினேன். இன்றும் அப்படித்தான். என் பாங்கு என்று ஒன்று இருக்குமானால், அது அந்தப் பாட்டி தந்த மேடைப் பிடிதான்.

காஸ்டிலியோனே போலச் செய்தலைத் தவறு என்று கருதவில்லை. பசும்புல்வெளியில் தேனீ பல மலர்களிலும் தொட்டு எடுப்பதைப் போல, நயமுடையார் பலரிடமிருந்தும் சிறிது சிறிதாகத் திருடிக்கொள் என்கிறார். இது நல்ல ஆசிரியரின் அறிவுரை. எவரும் வெறுங்கையிலிருந்து தமக்கொரு நடையைப் படைத்துக்கொள்வதில்லை. தந்தையின் இருமலும் தாய்மாமனின் நடையும் நமக்குள் இருக்கின்றன. நான் செய்த பிழை, ஒரே மலரில் அமர்ந்துவிட்டது. அதிலும் ஒரு பிழை உண்டு: தன்னிடமிருந்து இல்லாததை எடுத்தேனே தவிர, எடுத்ததைத் தேனாக்கவில்லை. கண்களை மூடியதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்திருக்கும். என்னிடம் இல்லை.

இரண்டாம் இரவுக்கு வருவோம். ஆடையைப் பற்றிய பேச்சு இங்குதான். ஆண்டு 1507 என்பதை மறந்துவிட வேண்டாம். இத்தாலிய அரசுகள் பிரான்சின் படைக்கும் ஸ்பெயினின் படைக்கும் இடையே நசுங்கிக்கொண்டிருந்த காலம். சிலர் பிரெஞ்சுக்காரரைப் போல உடுத்துகிறார்கள். சிலர் ஸ்பானியரைப் போல. சிலர் ஜெர்மானியரைப் போல. இத்தாலியருக்கென்று ஓர் உடை இல்லாமற் போனது அவர்களுடைய அடிமைத்தனத்தின் முன்னறிவிப்பாக ஆகிவிட்டது என்று ஃபெதெரிகோ ஃப்ரெகோசோ கசப்போடு சொல்லும் இடம் கூர்ந்து படிக்கத்தக்கது. அவருடைய நடைமுறை அறிவுரை எளியது: அன்றாட உடை கறுப்பாகவோ, குறைந்தது அடர்நிறமாகவோ இருக்கட்டும், பளபளப்பு வேண்டுமானால் விழாவிலும் போர்க்கவசத்தின் மேலும் இருக்கட்டும். பிறகு அவர் சொல்வதுதான் நம் இளைஞருக்கு நேரே பொருந்தும். ஒருவன் தான் எப்படிப்பட்டவனாகத் தோன்ற விரும்புகிறான் என்பதைத் தனக்குள் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கேற்ப உடுத்த வேண்டும். அவன் பேச்சைக் கேளாதவரும் செயலைக் காணாதவரும்கூட அவனை அப்படியே மதிக்க அந்த உடை துணை செய்ய வேண்டும்.

இதற்கு காஸ்பாரே பல்லவிசினோ என்னும் இளைஞர் எழுப்பும் எதிர்ப்பு நியாயமானது. மனிதனைச் சொல்லாலும் செயலாலும் அளக்காமல் துணியாலா அளப்பது, துறவியின் அங்கி ஒருவனைத் துறவி ஆக்கிவிடாது என்று உலகம் சொல்லவில்லையா என்கிறார். கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே பாடிய வள்ளுவர் அந்த அறையில் இருந்திருந்தால் இவர் பக்கமே அமர்ந்திருப்பார். ஃபெதெரிகோ பின்வாங்குவதில்லை. உடை ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்யச் சொல்லவில்லை. ஆயினும் அது உள்ளத்தைப் பற்றிய சிறு சான்றும் அன்று. சில வேளை பொய்ச்சான்றாகலாம். உடை மட்டுமா, நடப்பதும் சிரிப்பதும் பார்ப்பதும்கூடச் சொல்லும் செயலும் அல்லாத சான்றுகளே என்கிறார்.

இவ்விவாதத்தில் நான் யார் பக்கம்? நெடுநாள் காஸ்பாரே பக்கம் இருந்தேன். அங்கி அணிந்தவன் அவ்வாறு எண்ணுவதே பாதுகாப்பு. ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பல்லாண்டு அமர்ந்தபின், ஃபெதெரிகோ கூறுவதில் பாதி உண்மை என்று ஏற்கிறேன். ஒருவர் சொல்லும் சொல்லைவிட அவர் முழந்தாளிடும் ஓசை சில வேளை அதிகம் பேசுகிறது. எனக்குக் குறையாகப் படுவது அவர் ஆளும் வினைச்சொல். எப்படித் 'தோன்ற' விரும்புகிறாய் என்று கேட்கிறார். எப்படி 'இருக்க' விரும்புகிறாய் என்று அவர் கேட்டிருந்தால் அதே அறிவுரை வேறொரு பொருளைத் தந்திருக்கும். அப்போது உடை ஒரு வாக்குறுதியாகும். உடுத்தியவன் பின்னர் அதை நிறைவேற்றியாக வேண்டும். தோன்றுதல் என்று சொல்லும்போது அது விளம்பரப் பலகையாக நின்றுவிடுகிறது.

தோன்றுதல் ஒன்றையே முழு வாழ்வாக்கிக்கொண்ட ஒருவரை வரலாறு நமக்குக் காட்டியிருக்கிறது. 1778இல் இலண்டனில் பிறந்த ஜார்ஜ் புரும்மெல். பட்டும் சரிகையும் பொடியிட்ட பொய்முடியும் ஆண்களின் அழகாக இருந்த காலத்தில், கருநீல மேற்சட்டை, தூய வெள்ளைச் சட்டை, கஞ்சியிட்ட கழுத்துத்துணி, நாள்தோறும் குளியல் என்று ஆண் உடையையே மாற்றியவர். இன்று நாம் கோட்டு சூட்டு என்று அழைக்கும் உடைக்கு அவரும் ஒரு மூதாதை. கழுத்துத்துணியின் மடிப்புச் சரியாக விழாவிட்டால் அதைக் களைந்துவிட்டுப் புதிதொன்றை எடுப்பாராம். குவியலாகக் கிடக்கும் தோல்விகளைப் பணியாள் அள்ளிச் செல்வாராம். பார்ப்பவர்க்கு மட்டும் எல்லாம் ஒரு நொடியில் கட்டியதுபோல் தெரியும். கனோசா பிரபுவின் பாடத்தை அவரைவிடத் திறம்படக் கற்றவர் இல்லை. இளவரசருடன் இருந்த நட்பு முறிந்தது. சூதாட்டக் கடன் ஏறியது. 1816இல் கடல் கடந்து கலே நகருக்கு ஓடினார். பிறகு நார்மண்டியில் கான் நகரில் தூதரகப் பணி, அதுவும் போனது. 1835இல் கடனுக்காகச் சிறை. பின்னர் அறிவு கலங்கியது. இல்லாத விருந்தினரை வாசலில் நின்று வரவேற்றதாகச் சொல்வர். அழுக்கே அறியாத அந்த மனிதர் தம்மைத் தாமே தூய்மை செய்துகொள்ள இயலாத நிலையில், 1840இல், அருள்சகோதரிகள் நடத்திய மனநல இல்லத்தில் இறந்தார்.

இங்கொரு செய்தியைச் சொல்லாமல் போக முடியவில்லை. பாங்கின் இலக்கணத்தை உர்பீனோவில் உரைத்த கனோசா, பின்னாளில் பிரான்சில் பாயே மறைமாவட்டத்தின் ஆயரானார். கான் நகரம் அதே மறைமாவட்டத்தில்தான் இருக்கிறது. முந்நூறு ஆண்டு இடைவெளியில், ஆசிரியரின் மந்தையிலேயே மாணவர் வந்து விழுந்திருக்கிறார்.

அதே கான் நகரில் சட்டம் பயின்ற ஒரு நார்மண்டி எழுத்தாளர், ஜூல் பார்பே தொர்வில்யி, 1845இல் புரும்மெல்லைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பார்பே பின்னாளில் தீவிரக் கத்தோலிக்கராகத் திரும்பியவர். ஆயினும் இளமையில் தாம் உடுத்திய இடை ஒடுங்கிய மேற்சட்டையையும் சரிகைக் கழுத்துப்பட்டியையும் முதுமைவரை, 1889இல் இறக்கும்வரை, கைவிடாதவர். பாரிசு நகரத்துச் சிறுவர்களுக்கு அவர் ஒரு வேடிக்கைப் பொருள். காலத்துக்கும் நிற்கும் பாங்கு என்று நம் இளைஞர் கேட்டாரே, இதுவா அது? மாறாமல் இருப்பதும் நிலைத்திருப்பதும் ஒன்றல்ல என்பதைக் காஸ்டிலியோனே அறிந்திருந்தார். நரைத்த தலையும் பல்லில்லாத வாயுமாக ஒருவர் யாழை மடியில் வைத்துப் பெண்கள் நடுவே காதல் பாட்டுப் பாடினால் எப்படியிருக்கும் என்று இரண்டாம் பகுதியில் கேலி செய்கிறார். இளைஞனிடம் சிறிது முதுமையும், முதியவனிடம் சிறிது பசுமையும் இருப்பதே அழகு என்பது அவர் கணக்கு. ஐம்பது கடந்து, தலைமுடிக்கு மை பூசுவோர் சங்கத்தில் சேரலாமா என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அப்பக்கம் சற்று உறைத்தது.

நான்காம் இரவில் நூல் தன்னைத் தானே கேள்விக்குட்படுத்திக்கொள்கிறது. இதை நான் அதன் பெருமையாகக் கருதுகிறேன். ஒத்தாவியானோ ஃப்ரெகோசோ என்பவர் தாமதமாக வந்து பேசத் தொடங்குகிறார். இதுவரை நீங்கள் வரைந்த இந்த ஆடலும் பாடலும் நயமும் அவற்றிற்காகவே என்றால் வீண்; ஆண்மையைக் கெடுப்பவை; கண்டிக்கத்தக்கவை என்கிறார். அரசனின் அன்பைப் பெற்று, அவன் தவறும்போது அஞ்சாமல் உண்மையைச் சொல்லும் உரிமையை ஈட்டுவதற்கே இவையெல்லாம் பயன்பட வேண்டும் என்கிறார். மூன்று இரவுகள் கட்டிய மாளிகைக்கு அடித்தளம் நான்காம் இரவில்தான் இடப்படுகிறது. இதில் எனக்கு ஐயமும் உண்டு. முதல் மூன்று பகுதிகளை எழுதும்போது ஆசிரியர்க்கு இந்நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. வாழ்க்கை அடித்த அடியில் பின்னர் சேர்த்த பகுதி போலவே படுகிறது. மேலும், முயற்சியை மறைக்கப் பழகிய ஒருவன் உண்மையை மறைக்கவும் பழகிவிட மாட்டானா? அரசனுக்கு இனிமையாக இருந்தே பழகிய நா, கசப்பைச் சொல்ல வேண்டிய நாளில் எழுமா? ஒத்தாவியானோ இதற்கு விடை தரவில்லை. நானும் பல பங்குப் பேரவைக் கூட்டங்களில் இனிமையைத் தேர்ந்து உண்மையை நழுவ விட்டவனாதலால், அவரைக் குறைகூற எனக்குத் தகுதி குறைவு.

ஆனால் நூலில் விடை இருக்கிறது. பேசுவோர் நடுவில் அன்று, பக்கத்து அறையில்.

இந்த நான்கு இரவுகளும் ஏன் சீமாட்டியின் அறையில் நடக்கின்றன? அரண்மனைத் தலைவராகிய கோமகன் குயிதோபால்தோ, உணவு முடிந்ததும் படுக்கச் சென்றுவிடுகிறார். இருபது வயது ஆகுமுன்னரே அவரைக் கீல்வாதம் பிடித்தது. கொடிய வலி. நாளடைவில் நிற்கவும் நடக்கவும் இயலாமற் போயிற்று. அழகிய உடல்களுள் ஒன்று இளமையிலேயே உருக்குலைந்தது என்று நூலாசிரியர் வருந்துகிறார். போரிலும் ஆட்சியிலும் அவர் தொட்டது எதுவும் கைகூடவில்லை. ஆனால் நோயுற்றவர் நலமுற்றவரைப் போலவும், வீழ்ந்தவர் வாழ்ந்தவரைப் போலவும் பெருமிதத்தோடு வாழ்ந்தார் என்கிறார். தம்மால் குதிரையேற முடியாத நிலையிலும் பிறர் ஏறுவதைப் பார்க்க வருவார். யார் எங்கே சிறந்தார், எங்கே தவறினார் என்று ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்வார். அவர் முன் நன்றாகச் செய்ய வேண்டும் என்றே எல்லாரும் முயல்வர். 1508இல், முப்பத்தாறாம் வயதில் இறந்தார்.

முதற்பகுதியின் தொடக்கத்தில் ஒரு பக்கம். அவ்வளவே கோமகனுக்குத் தரப்பட்ட இடம். குருமடத்தில் படித்தபோது அதை முன்னுரை என்று தாண்டிச் சென்றேன். இம்முறை அங்கேயே நின்றுவிட்டேன். அவர் நடனமாட முடியாதவர். எந்த மேலங்கியையும் நயமாக நழுவ விட முடியாதவர். நயம் என்பதற்கு இந்நூல் கேட்கும் உடல் தகுதி எதுவும் அவரிடம் இல்லை. ஆயினும் அந்த அறையில் இருப்போர் அனைவரும் யாருடைய மதிப்புக்காக ஏங்கினார்களோ, அவர் இவரே. பக்கத்து அறையில் ஒருவர் வலியோடு விழித்துக் கிடக்க, இங்கே அழகனுக்கு இலக்கணம் வகுக்கிறார்கள். காஸ்டிலியோனே இந்த முரணை அறிந்தே வைத்தாரா? வைத்தார் என்றே நம்ப விரும்புகிறேன். நூலின் முழு வாதமும் அந்தப் படுக்கையைச் சுற்றித்தான் நடக்கிறது. பொருட்படுத்தாமை என்ற சொல்லுக்கு அவர்கள் கொண்ட பொருள், முயற்சியைப் பொருட்படுத்தாததுபோல் காட்டுதல். கோமகன் வலியையே பொருட்படுத்தாதிருந்தார். சொல் ஒன்றே, ஆனால் ஒன்றைக் கண்ணாடி முன் பழகலாம், மற்றொன்றைப் பழக முடியாது.

இத்தாலியில் மேட்டுக்குடியில் பிறந்து, ஆடையைப் பற்றிய இதே வழக்கைத் தம் உடலில் சுமந்த ஒருவர் நம் மண்ணுக்கு வந்திருக்கிறார். 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி. கறுப்பு அங்கியையும் தோற்காலணியையும் விடுத்து, காவியும் பாதக்குறடும் ஏற்றார். இது வேடமா, வழக்கமா என்று உடன்பிறந்த துறவியரே வழக்கிட்டனர். காஸ்பாரேயும் ஃபெதெரிகோவும் மதுரையில் மீண்டும் சந்தித்ததுபோல. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்கு இசைவாகத் தீர்ப்பளித்தார். அவருடைய கோலம் நிலைத்தது, 1656இல் மயிலாப்பூரில் பார்வை மங்கி இறக்கும்வரை. ஒன்றையும் மறைக்கலாகாது. அவர் ஏற்ற கோலம் சாதியின் படிக்கட்டில் மேல்படியில் நிற்கும் கோலம். கீழ்ப்படியில் நின்ற விசுவாசிகளிடமிருந்து அவரைப் பிரித்த கோலம். அதன் விலையை நம் திருச்சபையில் யார் கொடுத்தார்கள் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உடை ஒரு வாக்குறுதி என்று மேலே எழுதினேன். யாருக்குத் தரும் வாக்குறுதி என்பதையும் கேட்க வேண்டும் போலும்.

மீண்டும் காஸ்டிலியோனே. அவருடைய நண்பர் ரஃபேல் ஏறத்தாழ 1514, 1515இல் தீட்டிய அவர் உருவப்படம் இன்று பாரிசில் லூவர் காட்சியகத்தில் உள்ளது. கறுப்பும் சாம்பலும் வெள்ளையும் தவிர வேறு நிறமே ஏறக்குறைய இல்லை. கறுப்புத் தொப்பி, சாம்பல் நிற மென்மயிர்க் கைகள், கழுத்தருகே சிறிது வெள்ளைச் சட்டை. நீலக் கண்கள் பார்ப்பவரை நேரே நோக்குகின்றன. எதையும் விற்கும் கண்கள் அல்ல. 1639இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்திற்கு வந்த இப்படத்தை ரெம்பிராண்ட் பார்த்து விரைவாக ஒரு படி வரைந்துகொண்டார். மறு ஆண்டு தம்மையே அந்நிலையில் தீட்டிக்கொண்டார். தேனீ மலரில் அமர்ந்ததற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ரெம்பிராண்டின் படத்தில் இருப்பவர் ரெம்பிராண்டே.

படத்திற்குப் பின் ஆசிரியரின் வாழ்வு இறங்குமுகம். 1520இல் மனைவி இப்போலித்தா இறந்தார். மறு ஆண்டு குருத்துவ நிலையை நாடினார். 1524இல் திருத்தந்தையின் தூதராக ஸ்பெயின் அனுப்பப்பட்டார். 1527இல் பேரரசரின் படைகளே உரோமையைச் சூறையாடின. முன்னரே அறிந்து எச்சரிக்கத் தவறினார் என்று திருத்தந்தை அவர்மேல் ஐயுற்றார். இன்சொல்லுக்கு இலக்கணம் வகுத்தவர், அரசனுக்கு உண்மை சொல்வதே அவையோனின் கடமை என்று எழுதியவர், அந்தக் கடமையிலேயே தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்டார். மறு ஆண்டு நூல் அச்சானபோது, அதில் பேசியவர்களுள் பலர் உயிரோடில்லை. முகவுரையில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வருந்துகிறார். 1529இல் தொலேதோவில் இறந்தார்.

இப்போலித்தா உயிரோடிருந்தபோது அவர் இலத்தீனில் ஒரு கவிதை எழுதியிருந்தார். தாம் உரோமையில் இருக்க, வீட்டில் தனித்திருக்கும் மனைவி தமக்கு எழுதுவதுபோல் அமைத்த மடல் அது. ரஃபேல் தீட்டிய அந்தப் படத்தோடு அவள் பேசுகிறாள், சிரிக்கிறாள். குழந்தை தன் தந்தையை அடையாளம் கண்டு மழலையில் வாழ்த்துகிறது. உலகப் பேரவைகளில் எப்படித் தோன்ற வேண்டும் என்று அத்தனை பக்கம் எழுதியவருக்கு, தம் தோற்றம் யாருக்கு வேண்டியிருந்தது என்பது அங்கே தெரிந்திருக்கிறது.

திருமணத்துக்கு முந்தின நாள் அந்த இளைஞர் பாவசங்கீர்த்தனத்திற்கு வந்தார். முடிந்தபின், முன்பு கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையே என்று புத்தகத்தைக் கொடுத்தேன். முதற்பகுதியில் கோமகனைப் பற்றிய பக்கத்தில் ஒரு ஞாயிறு வழிபாட்டுத் தாளை மடித்து வைத்திருந்தேன். "இவ்வளவு பெரிசா, ஃபாதர்?" என்றார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மறுநாள் திருமணத்தில் அவர் மேற்சட்டை தோளில் சற்று இறுக்கமாக இருந்தது. கடன் வாங்கியது என்று பிறகு அறிந்தேன். திருமண வாக்குறுதியின்போது குரல் நடுங்கியது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.